மலையன் தூங்க ஒரு ஹீலர் வேணும்

திருப்பூருல பல்லடம் ரோடு இருக்குது பாருங்க, அந்த ரோட்டுல ஐப்பசி ரெண்டாந்தேதி காலையில ஒம்பதேகால் மணிக்கு, பனியன் கம்பெனி வேனுக எல்லாம் ஆளுகளை எறக்கி உட்டுட்டுத் திரும்பற நேரத்துல, மூணு தலையும் ரெண்டு மாடி உசரமுமா ஒரு மிருகம் தெக்கால இருந்து நடந்து வந்து, சிக்னல்ல செவப்பு உழுந்ததும் நின்னு, பச்சை உழுந்ததும் வாலைச் சுருட்டி ஒரு டெம்போவுக்கு வழி உட்டு, பொறவு எங்க கம்பெனி கேட்டுக்கு முன்னால வந்து, "இங்க பூபதின்னு ஒருத்தர் இருக்காராம், பாக்கோணும்"னு வாட்ச்மேன்கிட்டக் கேட்டுச்சு. வாட்ச்மேன் நிமுந்து மூணு மூஞ்சியையும் பாத்தாரு, ரிஜிஸ்டரை எடுத்து நீட்டுனாரு, பேரு, வந்த நேரம், ஆரைப் பாக்கோணும், எல்லாம் எழுதோணும்னாரு. அது பேனாவை ரெண்டு நகத்துல புடிச்சு எழுதுச்சுங்க. எழுத்து முத்து முத்தா இருந்துச்சாம்.

எப்படி வந்துச்சு, எதுக்குள்ள இருந்து வந்துச்சுன்னு என்னையக் கேக்காதீங்க. தீவாளிச் சீசன்ல திருப்பூருக்கு ஆருதான் வர்றதில்ல? ஒடிசாவுல இருந்து வர்றாங்க, அசாம்ல இருந்து வர்றாங்க, இது ஒரு மலைக்குள்ள இருந்து வந்துச்சு, அவ்வளவுதான்.

என்ற பேரு நாகமணி. பதினோரு வருசமா அதே கம்பெனியில ஓவர்லாக் டெய்லரு, பனியன் ஓரம் தெக்கறவ. அது தேடி வந்த பூபதி எங்க கியூசி, அதாவது தெச்சு வர்ற பனியனை மேசை மேல விரிச்சுப் போட்டு, ஒரு தையல் தாவியிருந்தாலும், ஒரு பொட்டு எண்ணெய் பட்டிருந்தாலும், அந்த எடத்துல அம்புக்குறி போட்ட சின்னச் செவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பற மகராசன். அந்தாளு கண்ணுக்குத் தப்பு மட்டுந்தான் தெரியும். பதினோரு வருசத்துல நான் தெச்ச பனியனை எத்தனை ஆயிரம் தடவை பாத்திருப்பாரோ, தெச்ச என்ற மூஞ்சியை ஒருக்கா நிமுந்து பாத்ததில்லீங்க.

ஆனா ஞாயித்துக்கெழமை மத்தியானம் சோறு தின்னுட்டு நாங்க எல்லாம் ஒரே படை. அவிய அவிய ஊட்டுல உக்காந்து காதுல மைக்கை மாட்டிக்கிட்டு 'எழுமலை'ன்னு ஒரு கேம் ஆடுவோம். ஆறு பேரு சேந்து ஒரு மலைக்குள்ள போயி அங்க இருக்கற பெரிய மிருகத்தை அடிச்சு உழுத்தோணும், அதுக்குப் பேரு ரெய்டு. எங்கூர்ல ரெய்டுன்னா மொதலாளிமாருக்கு வேத்துக் கொட்டும், எங்களுக்கு மட்டும் வாயெல்லாம் பல்லு. ஆறுல ஒருத்தரு டேங்க்கு, மிருகத்துக்கு முன்னால நின்னு அடி முச்சூடும் வாங்கிக்கறது, அது நானு. ஒருத்தரு ஹீலரு, எல்லாருக்கும் பின்னால நின்னு, அடிபட்டவிய சாகறதுக்குள்ள மருந்து போட்டு நிமுத்தி உடறது. மிச்ச நாலு பேரும் அடிக்கறவிய. அடிக்கறதுக்கு ஆளா இல்லீங்க நாட்டுல? பழைய பஸ் ஸ்டாண்டுல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை உட்டா அது நாலு அடிக்கறவன் மேல பட்டுட்டுத்தான் கீழ உழுகும். எங்க படையில தலைவரு பூபதி, கட்டிங் மாஸ்டர் சாதிக் பாய், ஆபீசுல ஆர்டரு பாக்கற மெர்ச்சண்டைசரு செவந்தி, ஒடிசாவுல இருந்து வந்து அயனிங் மேசையில இஸ்திரி போடற பிபின், நாலு பேரும் அடிக்கறவிய. ஹீலருக்குத்தான் ஆளில்ல. செயிச்சா அடிச்சவனுக்குப் பேரு, தோத்தா ஹீலருக்குத் திட்டு, பொறவு எவன் வருவான்? ஹீலரு இல்லாட்டி மலைக் கதவே தொறக்காதுங்கறது அந்தக் கேமோட சட்டம். நாங்க வெளிய சுத்தற சின்ன மிருகங்களை அடிச்சுப் பேரு வாங்கிக்கிட்டு இருந்தோம். எங்களுக்குன்னு ஒதுக்கின மலை ஒண்ணு, அதுக்குள்ள எங்களுக்குன்னு ஒதுக்கின மிருகம் ஒண்ணு, பத்தொம்பது மாசமா பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் அது நின்னுக்கிட்டே இருந்திருக்குது.

டீ டைம்ல கேன்டீன் தகரக் கூரைக்குக் கீழ எங்க அஞ்சு பேரையும் அது பாத்துச்சு. நடுத்தலை நிமுந்து, ஊரே அதிர, "அற்ப மானிடரே!"ன்னு ஆரம்பிச்சுச்சு. கேன்டீன் அக்கா, "ஏஞ்சாமி, டீ வேணும்னா மொல்லக் கேளு, பால் திரிஞ்சு போயிரும்"னாங்க. அது வெக்கப்பட்டுப் போயி, கொரலை இறக்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க அற்ப மானிடரே, எனக்கு வேற மாதிரிக் கூப்பிடச் சொல்லித் தரலைங்க"ன்னுச்சு. பொறவு அது சொன்னதுதானுங்க இந்தக் கதைக்கே உசுரு.

"எங்க சட்டத்துல, ஒருக்காவாச்சும் மொறையாத் தோக்காத மிருகத்துக்குத் தூக்கம் கெடையாதுங்க. கதவு தொறந்து, ஆறு பேரு வந்து, நான் முழு பலத்தோட சண்டை போட்டுத் தோக்கோணும். வேணும்னு தோத்தாச் செல்லாது. தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்கு இந்தச் சீசன் முடியுதுங்க. அதுக்குள்ள நான் தோக்காட்டி, என்ற மலைக்குப் புது மிருகம் வந்துரும், என்னைய முழிச்ச கண்ணோடயே எடுத்து ஒரு கெடங்குக்குள்ள வெச்சுப்போடுவாங்க. அப்பறம் எப்பவும் முழிச்சே இருக்கோணும்."

சொல்லிட்டு மூணு தலையும் ஒட்டுக்காக் கொட்டாவி உட்டுச்சு. பாதிக் கொட்டாவியில நின்னு போச்சுங்க, அதுக்கு மேல வரல. ஆறு கண்ணும் ரத்தமாச் செவந்து கெடந்துச்சு. என்ற புள்ளை பொறந்து பல்லு மொளைக்கற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்கு நெனப்பு வந்து, அடங்கொப்பரானே, பத்தொம்பது மாசமான்னு என்ற டீயை அது பக்கம் தள்ளி வெச்சேன்.

"கவலைப்படாதீங்க. நல்ல ஹீலரா ஒருத்தரைச் செலக்ட் பண்ணிரலாம்"னு பூபதி சொன்னாரு. அந்தச் 'செலக்ட்'டுங்கற வார்த்தையிலதான் எல்லாக் கெரகமும் இருந்துச்சு.

ஊரு அதை ஏத்துக்கறதுக்கு ரெண்டு நாளுக்கு மேல ஆகலீங்க. மொத நாளு பசங்க வாலு மேல ஏறிச் சறுக்குனாங்க, ரெண்டா நாளு பொம்பளைங்க "அந்தப் பக்கம் தள்ளிப் படுங்க, கோலம் போடோணும்"னாங்க, மூணா நாளு அதுக்கு மலையன்னு பேரு வெச்சு, வார்டு கவுன்சிலரு வந்து சால்வை போத்துனாரு, மூணு கழுத்துக்கு ஒரே சால்வையான்னு அவரு கட்சிக்காரங்களே சண்டை போட்டுக்கிட்டாங்க. அப்பப் பாத்து மழை புடிச்சுக்கிச்சு. ஐப்பசி மழையில சாயப்பட்டறைத் துணி ஒண்ணும் காய மாட்டேங்குது, தீவாளி ஆர்டரு எல்லாம் ஈரமாத் தொங்குதுன்னு ஊரே தலையில கை வெச்சுக்கிட்டு இருந்தப்ப, மலையன் போயி கொடிகளுக்கு நடுவால உக்காந்து மூணு வாயிலயும் மொல்ல மூச்சு உட்டுச்சு பாருங்க, வெதுவெதுன்னு, இஸ்திரி போட்டாப்பல காஞ்சு வந்துச்சு துணி. அப்பறம் அதை உடுவாங்களா? காலையில ஒரு பட்டறை, மத்தியானம் ஒரு பட்டறைன்னு முறை வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. தாய்மாருங்க பள்ளிக்கூட யூனிபாரத்தையும் துவைச்சுக் கொண்டாந்து, "மலையண்ணா, இதையும் ஒரு ஊது ஊதிக் குடு"ன்னு நீட்டுனாங்க. ஆருக்கும் அது இல்லைன்னு சொன்னதில்ல. தூக்கம் இல்லாதவங்களுக்கு வேலை இருந்தா அது ஒரு ஆறுதலுங்க.

வெளிநாட்டுல இருந்து கம்பெனியைச் சோதனை போட ஆடிட்டரு வந்த அன்னைக்குத்தான் மேனேஜருக்கு உள்ளூர ஒதறல். கம்பெனிக்குள்ள இருக்கற ஆளுக எல்லாரும் தலைக்கு உறையும் மூக்குக்கு மாஸ்க்கும் போட்டிருக்கோணும். மூணு பெட்சீட்டை வெட்டி, நான்தானுங்க தெச்சேன், மூணு தலைக்கும் உறை போட்டு, கழுத்துல 'விருந்தினர்'னு அட்டையை மாட்டி உட்டோம். ஆடிட்டரம்மா வந்து, மேலயும் கீழயும் பாத்து, நெருப்புக் கக்குமான்னு கேட்டாங்க. வெதுவெதுன்னு மட்டும்னு சொன்னோம். பக்கத்துல தீயணைக்கற சிலிண்டரு ஒண்ணு வைக்கோணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. வெச்சோம். அதையே அது தலைகாணி மாதிரி ஒரு தலைக்கு வெச்சுப் பாத்துச்சு, தூக்கம் வருமான்னு. வரல.

இப்பப் பூபதி கதைக்கு வாரேன். ஆளெடுக்கறதுக்குன்னு அந்தாளு ஒரு அப்ளிகேசன் பாரம் அடிச்சிருந்தாரு, அதைப் படிச்சா உங்களுக்கே வாய் வலிக்கும். ரெண்டு வருசம் அனுபவம் வேணும், கேமுல தொண்ணூத்தஞ்சு மார்க்குக்குக் கொறையக் கூடாது, ஊட்டுல இன்வெர்ட்டரு இருக்கோணும், மைக்குல குக்கரு விசில் கேக்கக் கூடாது, கொழந்தை அழுகக் கூடாது, கோயில் மைக்கு, பள்ளிவாசல் பாங்கு, பக்கத்து ஊட்டு டிவி எதுவும் கேக்கக் கூடாது, ஞாயித்துக்கெழமையில வர்ற கல்யாணம், காதுகுத்து, எழவு எதுக்கும் போகக் கூடாது. "ஏங்ணா, அப்ப நடுக்கடல்ல இருக்கறவனைத்தான் எடுக்கோணும்"னு சாதிக் பாய் கேட்டாரு. "அங்க நெட் கெடைக்காதே"ன்னு பூபதி நெசமாவே ரோசனை பண்ணுனாரு. அந்தாளை என்னத்தைச் சொல்றது?

மலையனுக்கு ஹீலர் வேணும்னதும் ஊரு தெரண்டு வந்துருச்சு. ஒரு கல்யாண மண்டபத்தையே உட்டுக் குடுத்தாங்க. அவினாசி, பல்லடம், காங்கயம் எல்லாப் பக்கமும் இருந்து முந்நூத்திப் பன்னெண்டு பேரு வந்தாங்க, வாசல்ல முறுக்குக் கடையே வந்துருச்சு. முந்நூத்திப் பன்னெண்டுல முந்நூறு பேரு, "ஹீலரெல்லாம் தெரியாதுங்க, அடிக்கறதுக்கு எடம் இருந்தாச் சொல்லுங்க"ன்னாங்க. ஆஸ்பத்திரியில நர்சா இருக்கற ரெஜினாவைப் பாத்ததும் எங்களுக்கெல்லாம் மூஞ்சி மலந்துச்சு, ஆஹா, மருந்து போடறதுக்குன்னே பொறந்தவ வந்துட்டான்னு. அந்தப் புள்ள கையெடுத்துக் கும்புட்டு, "அக்கா, வாரத்துல ஆறு நாளும் நான் அதைத்தான் பண்றேன். ஞாயித்துக்கெழமை ஒரு நாளாச்சும் ஆரையாச்சும் அடிக்க உடுங்க"ன்னா. நாயந்தானுங்களே.

மிச்சம் பன்னெண்டு பேரு நெச ஹீலருக. பூபதி ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு ஆட உட்டு, அவிய பாரத்தைச் செக்கிங் மேசையில போட்ட பனியனாட்ட விரிச்சு வெச்சு, தப்பு இருக்கற எடத்துல எல்லாம் செவப்பு அம்பை ஒட்டுனாரு. ஒருத்தருக்குத் தொண்ணூத்திநாலு மார்க்கு, அம்பு. ஒருத்தரு நல்லா ஆடுனாரு, ஆனா அவரு ஊட்டுல கிளி பேசுது, அம்பு. ஒரு அம்மிணி முப்பது நிமிசம் ஒருத்தரையும் சாக உடாம ஆடி முடிச்சுட்டு எந்திரிக்கையில, வர்ற பங்குனியில கல்யாணம்னு வெக்கத்தோட சொன்னா, அவளுக்கு ரெண்டு அம்பு. பன்னெண்டு பேரும் ரிஜெக்ட்டு. மலையன் மண்டபத்து வாசல்ல குத்த வெச்சு, ஒரு தலையை உள்ள நீட்டிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு அம்புக்கும் அதுக்கு ஒரு பாதிக் கொட்டாவி வந்துச்சு.

மூணு வாரமும் இப்படியே ஓடிப்போச்சுங்க. சனிக்கெழமை சாயங்காலம், மறுநா நாலு மணிக்குச் சீசன் முடியப் போகுது, மண்டபத்துல நாங்க அஞ்சு பேரும் ரிஜெக்ட்டு பாரத்தை அடுக்கிக்கிட்டு உக்காந்திருந்தோம். அப்ப மலையன், குத்தம் சொல்ற மாதிரி இல்லாம, சும்மா தெரிஞ்சுக்கறதுக்காக, "ஏனுங் அற்ப மானிடரே, உங்கள்ல ஆருமே இதுக்கு முன்னால ஹீலரா இருந்ததில்லீங்களா?"ன்னு கேட்டுச்சு.

செவந்திதான் மொதல்ல வாயத் தொறந்தா. "நான் இருந்தேங்க, உங்க மலைக்கு முந்துன மலையில. மூணு மாசம். ஒரு நாள் மருந்து போட ஒரு செகண்டு பிந்திப்போச்சு, பூபதியண்ணன் மைக்குலயே இருவது நிமிசம் பேசுனாரு. என்ற மாமியாரு கூட அப்படிப் பேசுனதில்ல. இனி அடிக்கறதே மேலுன்னு மாறிட்டேன்."

"அவளுக்கு அப்பறம் நானு. ஆறு வாரம்"னாரு சாதிக் பாய்.

"நம்ம ரெண்டு வாரம் இருந்துச்சு, அண்ணா ரொம்பத் திட்டுச்சு"ன்னான் பிபின்.

"நான் ஒரே ஒரு மத்தியானம்"னேன். நெசந்தானுங்க. அன்னைக்கு நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போயி நின்னு அழுதேன். இவ்ளோ நாளா ஆருகிட்டயும் சொன்னதில்ல.

எல்லாரும் சொல்லி முடிச்சதும் எல்லாக் கண்ணும் ஒரே பக்கம் திரும்புச்சு, மலையனோட ஆறு கண்ணையும் சேத்து. பூபதி ஸ்டிக்கரு ரோலை வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்கு அடக்க முடியலீங்க. எந்திரிச்சு நின்னேன்.

"ஏனுங் கியூசி, ஊர்ல ஹீலருக்குப் பஞ்சமில்ல. நம்ம படையில ஹீலரு தங்கறதுக்குத்தான் பஞ்சம். வந்த நாலு பேரையும் நீங்கதான் தொரத்திப்போட்டு, இப்ப அஞ்சாவதா ஒருத்தரை ஓட்டை ஒடிசல் இல்லாம தேடறீங்க. பனியன்தான் முடிஞ்சு மேசைக்கு வரும். மனுசன் முடிஞ்சு வருவானா? முடிஞ்ச மனுசனைச் சுடுகாட்டுலதான் பாக்கலாம். நீங்க இந்தக் கம்பெனிக்கு வந்தப்ப என்னவா வந்தீங்க? கியூசியாவா பொறந்தீங்க?"

மூணு வருசமா அடிக்கறதுல கோயமுத்தூரு, ஈரோடு, சேலம் மூணு ஜில்லாவுக்கும் பூபதிதான் மொத எடம். சீசன்ல ஒரு ஞாயித்துக்கெழமை அடிக்காம உட்டாப் போதும், அந்தப் பேரு போயிரும். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பொறவு அவரு மொல்ல ஒரு பாரத்தை எடுத்து, மேல தன்ற பேரையே எழுதுனாரு. அனுபவம்னு இருந்த எடத்துல 'இல்லை'. மார்க்குல 'இல்லை'. ஊட்டுல சத்தம்னு இருந்த எடத்துல 'அம்மாவின் டிவி, பக்கத்து வீட்டுக் குக்கர், எதிர்க்கப் பிள்ளையார் கோயில்'. எழுதிக் கொண்டாந்து எங்க முன்னால விரிச்சு வெச்சுட்டு, ரோலையும் பக்கத்துல வெச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

நாங்களும் உடலீங்க. ஒட்டுனோம். பதினேழு அம்பு. அப்பறம் சாதிக் பாய் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "பீஸு ரிஜெக்ட்டுதான். ஆனா கைமடியா எடுத்துக்கலாம்"னாரு. கைமடின்னா கம்பெனிக்குப் புதுசா வர்றவிய, நூலு வெட்டி, துணி மடிச்சுக் குடுத்துக்கிட்டே பாத்துப் பாத்துத் தொழில் கத்துக்கறவிய. திருப்பூருல எல்லாரும் ஒரு நாளு கைமடிதான், பூபதி உள்பட. அந்தாளுக்குச் சிரிப்பும் வந்து அழுகையும் வந்து மூஞ்சி எங்கெங்கியோ போச்சு. மலையன் வாலை ஆட்டுன ஆட்டுல வாசல்ல கட்டியிருந்த வாழைமரம் ரெண்டும் சாஞ்சு போச்சு. காலியாப் போன அடிக்கற எடத்துக்கு ரெஜினாவுக்குப் போன் பண்ணிச் சொன்னோம், அந்தப் புள்ள கத்துன கத்துல என்ற காது அடைச்சுக்கிச்சு.

ஞாயித்துக்கெழமை மத்தியானம் மூணு மணிக்குக் கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற மேடையில ஆறு கம்ப்யூட்டரு, வீடியோ ஓட்டற பெரிய திரை, கீழ நாலாயிரம் ஜனம். ஊருக்குப் போக மூட்டை கட்டுனவிய எல்லாம் மூட்டையோட வந்து உக்காந்திருந்தாங்க. மலையன் வெளிய பந்தலுக்குக் கீழ கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துச்சு, அதே நேரம் திரையிலயும் இருந்துச்சு. கோயில்ல மூலவரும் உற்சவரும் ஒரே சாமிதானுங்களே, அந்த மாதிரி. கதவு தொறந்துச்சு. பத்தொம்பது மாசங் கழிச்சுத் தொறந்த கதவுங்க, கிரீச்சுன்னு சத்தம் வந்ததும் ஜனம் கொலவை போட்டுச்சு.

மொத ஆட்டத்துல நாப்பது செகண்டுல செத்தோம். பூபதி மருந்து போடறதை மறந்து, பழக்க தோசத்துல மிருகத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டாரு. ரெண்டாவதுல அவரு அவருக்கே மருந்து போட்டுக்கிட்டாரு, நாங்க அஞ்சு பேரும் செத்த பொறவு அந்தாளு மட்டும் கொழுகொழுன்னு நின்னாரு, ஜனம் உழுந்து உழுந்து சிரிச்சுச்சு. மூணாவதுல எல்லாருக்கும் சமமாப் போட்டு, எச்சா அடி வாங்கற என்னைய உட்டுட்டாரு. நான் உழுந்தேன், எல்லாரும் உழுந்தாங்க. மணி மூணே முக்காலு.

அவரு மைக்கைக் கழட்டாம குனிஞ்சு உக்காந்திருந்தாரு. எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காருன்னு எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. இருவது நிமிசத் திட்டுக்குத்தான். அந்தத் திட்டு வாங்குன ஆளுக நாலு பேரும் அங்கியே இருக்கறோம், வட்டியோட திருப்பிக் குடுத்திருக்கலாம். செவந்தி தண்ணி பாட்டில நீட்டி, "பரவால்லீங்ணா. மறுக்கா போலாம்"னா. அவ்வளவுதானுங்க சொன்னா. அந்தாளுக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டிருச்சு. தொடைச்சுக்கிட்டு, "மணி, இந்தத் தடவை உன்னைய மட்டும்தான் பாப்பேன்"னு என்ற பக்கம் திரும்பிச் சொன்னாரு.

நாலாவது ஆட்டம். நான் முன்னால போயி நின்னேன், மலையன் அடிச்சுச்சு, நெசமா அடிச்சுச்சு, ஒரு துளி கூடக் கொறைக்காம முழு பலத்தோட அடிச்சுச்சு, என்ற உசுரு பாதியா எறங்கையில முதுகுக்குப் பின்னால இருந்து மருந்து வந்துச்சு, மறுக்கா அடிச்சுச்சு, மறுக்கா வந்துச்சு, இடது தலை பிபினைப் புடிக்கப் போக அவனுக்கும் ஒரு மருந்து போயிருச்சு, சாதிக் பாய் துணி வெட்டற மாதிரி ஒரே கோட்டுல வெட்டிக்கிட்டே போனாரு, செவந்தி சத்தமில்லாம அடிச்சா, ரெஜினா ஆஸ்பத்திரியில ஆராரெல்லாம் அவளைப் பாத்துக் கத்துனாங்களோ அத்தனை பேரையும் பேரு சொல்லிச் சொல்லி அடிச்சா, ஜனம் ஒரு பக்கம் "மணியக்கா புடிச்சு நில்லு"ன்னு கத்துது, இன்னொரு பக்கம் "மலையா உடாத"ன்னு கத்துது, கத்துறவனுக்கே எந்தப் பக்கம்னு தெரியல, எனக்கு உசுரு ஒத்தை நூலா நிக்கறப்பக் கூட நான் பயப்படலீங்க, ஏன்னா எனக்குப் பின்னால ஒரு ஆளு என்னையப் பாத்துக்கிட்டே நிக்கறாருன்னு எனக்குத் தெரியும், பதினோரு வருசத்துல அப்படி ஒரு தெம்பு எனக்கு வந்ததில்ல. மணி மூணு அம்பத்தாறுக்கு நடுத்தலை உழுந்துச்சு. அம்பத்தேழுக்கு வலது. அம்பத்தெட்டுக்கு இடது தலையும் மண்ணுல சாஞ்சுச்சு.

திரையில எங்க பேரெல்லாம் வந்துச்சு, ஆரு எவ்வளவு அடிச்சாங்கன்னு கணக்கோட. ரெஜினா மொதல்ல, பூபதி கடைசியில, பேருக்கு நேரா சைபரு. அந்தாளு அதைப் பாக்கவே இல்லீங்க. மேடையில இருந்து குதிச்சு வெளிய ஓடுனாரு, நாங்களும் ஓடுனோம்.

பந்தலுக்குக் கீழ மலையன் கொட்டாவி உட்டுக்கிட்டு இருந்துச்சு. பாதியில நிக்காத கொட்டாவி. மூணு வாயும் முழுசாத் தொறந்து, கடைவாய்ப்பல்லு தெரிய, கண்ணோரத்துல தண்ணி வழிய, இழுத்து இழுத்து உட்டு, "ரொம்ப நன்றிங்க"ன்னு சொல்லிச்சு. காலை மடக்கி, வாலைச் சுத்திப் போட்டு, ஒரு கழுத்து மேல இன்னொரு கழுத்தைப் போட்டு, தூங்கிப் போச்சுங்க.

நாலாயிரம் ஜனம் வெளிய வந்து நிக்குது, சந்தோசத்துல கத்தறதுக்கு எல்லாரும் வாயைத் தொறந்தாச்சு. பூபதி திரும்பி வாய் மேல விரலை வெச்சாரு. நம்ப மாட்டீங்க, அந்த நாலாயிரம் பேரும் சத்தமில்லாமக் குதிச்சாங்க. சத்தமில்லாமக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. வாண்டுக கையைத் தட்டற மாதிரி வெச்சு, தட்டாம ஆட்டுச்சுக. கேன்டீன் அக்கா முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு அழுதாங்க. ஒரு சின்னச் சத்தமில்ல, மலையன் உடற மூச்சு மட்டுந்தான், வெதுவெதுன்னு எல்லா மூஞ்சியிலயும் அடிச்சுச்சு.

பூபதி வந்து என்ற மூஞ்சியைப் பாத்தாரு, "மணி, மத்தியானம் நீ சாப்படலயா?"ன்னு குசுகுசுன்னு கேட்டாரு. இல்லீங்கன்னேன். எங்கிருந்தோ ஒரு முறுக்கு வாங்கியாந்து குடுத்தாரு. கடிச்சாச் சத்தம் கேக்குமேன்னு வாயிலயே வெச்சு ஊற வெச்சுத் தின்னேன்.

தின்னு முடிச்சுட்டுச் சொன்னேன், "அடுத்த சீசனுக்கு ஹீலரு நானுங்க."

"நீயா? அப்ப முன்னால நின்னு அடி வாங்கறது ஆரு?"

"நீங்கதான்"னேன்.

அந்தாளு தூங்கற மலையனோட நகத்தைப் பாத்தாரு, ஒவ்வொண்ணும் என்ற முழங்கை நீளம். என்னையப் பாத்தாரு.

"செரி"ன்னாரு.